அமெரிக்கப் பள்ளிகள்: சொத்து வரியும் எழுத்துக்கூட்டலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மத்தியக் கல்வித் துறையை மூடுவதற்கான உத்தரவில் அதிபர் டிரம்ப் 2025 மார்ச் 20 அன்று கையெழுத்திட்டதிலிருந்து அந்நாட்டுப் பள்ளிக்கல்வி பற்றித் தமிழ் நாளிதழ்களில் நிறையச் செய்திகள் வருகின்றன. ‘இனி அங்கே பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?’ என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு; ‘துறையை மூடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்’ என்று நம்புகிறவர்களும் உண்டு. இரு தரப்பாருமே டெல்லியை மனத்தில் வைத்துக்கொண்டு வாஷிங்டனைப் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளைப் பிடித்திருக்கும் நோய் ஊர்ச் சொத்து வரிக் கணக்கிலும், முதல் மூன்று வகுப்புகளில் வாசிக்கக் கற்றுத்தரும் முறையிலும் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து கண்ட மாநிலங்கள் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அது நம் வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் ‘கல்வி’ என்ற சொல்லே கிடையாது. சட்டம் மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்கிறது அதன் பத்தாவது திருத்தம். நம் நாட்டில் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. மத்தியக் கல்வித் துறை என்பதே 1979-இல் அதிபர் கார்ட்டர் காலத்தில் சட்டமாகி, 1980-இல் வேலையைத் தொடங்கிய அமைப்பு. பாடத்திட்டம் வகுப்பது, பாடநூல் தேர்ந்தெடுப்பது, ஆசிரியரை நியமிப்பது எதுவும் அதன் கையில் இல்லை. பாடத்திட்டத்தில் கைவைக்கக் கூடாதென்று சட்டமே தடுத்திருக்கிறது. அந்தத் துறையைச் சட்டப்படி கலைக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும். அதிபர் செய்தது ஆட்குறைப்பு: சுமார் 4,100 பேர் இருந்த துறை ஏறத்தாழ பாதியானது. அதைத் தொடர உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிவிட்டது.

பள்ளிகளை உண்மையில் நடத்துவது ‘பள்ளி மாவட்டம்’ என்ற அமைப்பு. பெயரில் மாவட்டம் இருப்பதால் நம் மாவட்டம்போல் எண்ணிவிடக் கூடாது. பல இடங்களில் அது ஒரு பேரூராட்சி அளவுதான். நாடு முழுவதும் இப்படிச் சுமார் 13,000 மாவட்டங்கள். அவற்றின் பள்ளிகளில் ஏறத்தாழ 5 கோடிப் பிள்ளைகள். ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம், பென்சில்வேனியாவிலோ 500. பெரும்பாலான மாவட்டங்களில் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் இருக்கிறது. கண்காணிப்பாளரை அமர்த்துவது, சம்பளம் நிர்ணயிப்பது, பல மாநிலங்களில் எந்தப் பாடநூல் என்று முடிவெடுப்பது எல்லாம் வாரியத்தின் வேலை. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அமைப்பு என்ற வகையில் இது நல்ல ஏற்பாடுதான். கோளாறு அதன் கஜானாவில் இருக்கிறது.

பள்ளிக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 டாலரிலும் வாஷிங்டன் தருவது சாதாரண ஆண்டுகளில் 10 டாலருக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி, அதாவது வீடு, கடை, நிலம் ஆகியவற்றின் மதிப்பின் மேல் போடும் வரி. விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் ஊரில் வரி விகிதத்தைக் குறைவாக வைத்தாலும் பணம் கொட்டும். ஏழைகளின் ஊரில் விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் சில்லறைதான் தேறும்.

இதை ஒரே நகரத்தில் வைத்துப் பார்க்கலாம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967-68 கல்வியாண்டின் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் என்று அந்த நகரப் பகுதியிலேயே மிக அதிகமான வரியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். மாநிலத் திட்டத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியபின் மாணவருக்கு 26 டாலர்தான் மிஞ்சியது. அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் மட்டும் போட்டது. மிஞ்சியது 333 டாலர்.

ஏழை மாவட்டத்துக்கு மாநில அரசு கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்டியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாநிலம் எட்ஜ்வுட்டுக்குக் கொடுத்தது மாணவருக்கு 222 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலர். வசதியான ஊருக்கு மூன்று டாலர் அதிகம்! மத்திய அரசின் உதவியையும் சேர்த்து எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். கட்டடத்தைச் செப்பனிடுங்கள், தகுதி பெற்ற ஆசிரியர்களைத் தாருங்கள் என்பவை அவர்களின் கோரிக்கைகள். எட்ஜ்வுட் பெற்றோர்களில் ஒருவரான டெமெட்ரியோ ரோட்ரிகஸ் பெயரால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கல்வி, அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றும், இந்த ஏற்றத்தாழ்வு சட்ட விரோதமாகாது என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், நகரத்தையும் புறநகர்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்து இனப்பிரிவினையைப் போக்கும் முயற்சிக்கும் அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் தடை விழுந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் இன்றைய உருவம் பெரும்பாலும் அந்த இரண்டு தீர்ப்புகளில் தீர்மானமானது என்பது எங்கள் கருத்து. மாவட்ட எல்லை ஒரு மதில்சுவராகிவிட்டது. நல்ல பள்ளி வேண்டும் என்றால் மதிலுக்கு உள்ளே வீடு வாங்க வேண்டும். பள்ளி நன்றாக இருப்பதாலேயே வீட்டு விலையும் ஏறும். விலை ஏறினால் வரி வருமானமும் ஏறும்.

மத்தியில் கதவு அடைபட்டதால் வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போயின. மாநில அரசியலமைப்புச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும் கல்வி பற்றிய பிரிவு உண்டு என்பதுதான் அதற்கு வழி. பென்சில்வேனியாவின் பள்ளி நிதி முறை அம்மாநில அரசியலமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்ற தீர்ப்பு 2023-இல்தான் வந்தது. ஐம்பது ஆண்டுகளாக இந்தப் போராட்டம் ஓயவில்லை.

இதில் உருப்படியாகச் செய்து காட்டிய மாநிலம் மாசசூசெட்ஸ். 1993-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அரசின் கடமையைச் சுட்டிக்காட்டிய சில நாட்களில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கணக்குப் போடும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று முதலில் எண்ணுகிறார்கள். ஆசிரியர் சம்பளம், புத்தகம், கட்டடப் பராமரிப்பு, ஊழியர் மருத்துவக் காப்பீடு என்று தலைக்கு இவ்வளவு எனத் தொகை போடுகிறார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்றால் அந்தத் தொகைக்கு மேல் கூடுதல். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை என்றால் அதற்கும் கூடுதல். கூட்டி வரும் தொகைக்கு ‘அடித்தள பட்ஜெட்’ என்று பெயர். பிறகு அந்த ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் வைத்து ஊரால் எவ்வளவு கட்ட முடியும் என்று தீர்மானிக்கிறார்கள். பள்ளம் எவ்வளவோ அவ்வளவையும் மாநிலம் நிரப்புகிறது. ஊர் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. முழுத் தொகையை எட்ட ஏழு ஆண்டுகள் அவகாசம் வைத்து, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பணத்தோடு மாநில அளவிலான பாடத்தரமும் பொதுத்தேர்வும் சேர்ந்து வந்தன. எல்லா மாநிலங்களிலும் நடக்கும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் மாசசூசெட்ஸ் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்து நடந்ததே காரணம்.

அங்கும் தவறு நடந்தது. மருத்துவக் காப்பீடு, சிறப்புக் கல்வி ஆகிய இரண்டின் செலவும் மளமளவென ஏறியது. சூத்திரத்தில் போட்டிருந்த தொகை ஏறவில்லை. வித்தியாசத்தை மாவட்டங்கள் வேறெங்கே எடுக்கும்? ஆசிரியர் எண்ணிக்கையிலும் புத்தகத்திலும் எடுத்தன. வசதியான ஊர்கள் கையிலிருந்து போட்டுச் சமாளித்தன. ஏழை ஊர்கள் மறுபடியும் பின்தங்கின. அதைச் சரிசெய்ய 2019-இல் ஏழு ஆண்டுகளில் 150 கோடி டாலர் கூடுதலாகத் தரும் புதிய சட்டம் தேவைப்பட்டது. நிதிச் சூத்திரத்தை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மைச் செலவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

கலிபோர்னியா வேறு வழியில் போனது. 1978-இல் வாக்காளர்கள் சொத்து வரிக்கு ஒரு சதவீத உச்சவரம்பு போட்டார்கள். மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது. பள்ளிகளின் மொத்த வருமானமும் சேர்ந்தே சுருங்கியது. 2013-இல்தான் தேவையுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் கூடுதல், அப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாவட்டத்துக்கு அதற்கும் மேல் என்ற தெளிவான முறை வந்தது. டெக்சாஸ் 1993 முதல் சொத்து மிகுந்த மாவட்டங்களிடமிருந்து எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. எண்ணம் நல்லது. சொத்து மதிப்புக்கே அதிக எடை தருவதால், நில விலை ஏறிவிட்ட ஆஸ்டின் நகரம், ஏழைப் பிள்ளைகள் ஏராளமாக இருந்தும், பெருந்தொகையைக் கட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் நிலைக்குப் போதிய எடை தராத எந்தச் சூத்திரமும் இப்படித்தான் ஒரு இடத்தில் இடிக்கும்.

பணம் மட்டும் போதுமா என்றால், போதாது. நியூயார்க் மாநிலம் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 30,000 டாலரை ஒட்டிச் செலவழிக்கிறது. மிசிசிப்பி அதில் பாதிகூடச் செலவழிப்பதில்லை. ஆனால் 2024 தேசிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்பு வாசிப்பில் மிசிசிப்பிதான் நியூயார்க்கைவிட மேலே நின்றது. நாட்டிலேயே மிக ஏழையான மாநிலங்களில் ஒன்று அது.

தேர்வு வைத்து மிரட்டினால் போதுமா என்ற சோதனையையும் அமெரிக்கா நாடு முழுக்கச் செய்து பார்த்துவிட்டது. அதிபர் ஜார்ஜ் புஷ் 2002 ஜனவரியில் கையெழுத்திட்ட சட்டம், 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்பிலும் கணக்கிலும் ஆண்டுதோறும் தேர்வு வைக்கச் சொன்னது. 2013-14க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேறியாக வேண்டும் என்றது. தேர்ச்சி மதிப்பெண்ணை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்த்திக்கொண்டன. தேர்வில் வராத வரலாறு, அறிவியல், ஓவியம், இசைக்கெல்லாம் பாட நேரம் குறைந்தது. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளை மட்டும் தூக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதால், அடியில் கிடந்த பிள்ளைகள் கவனிப்பாரின்றிப் போனார்கள். அட்லாண்டாவில் நடந்தது இன்னும் மோசம். விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்கள் சில வகுப்புகளில் இயற்கைக்கு மாறாகக் குவிந்திருப்பது தெரிய வந்தது. அழித்தது பிள்ளைகளின் கையல்ல. 2011-இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் குறிப்பிட்டது. மதிப்பெண்ணை ஏற்று என்று சொன்னார்களே தவிர, அதற்கு நாளைக் காலை வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஆசிரியருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 2015 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம் தேர்வை வைத்துக்கொண்டு, தண்டனையை மாநிலங்களிடம் விட்டது.

வகுப்பறைக்குள் போவோம். தமிழில் நாம் ‘எழுத்துக்கூட்டிப் படிப்பது’ என்கிறோம். க, ட, ல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘கடல்’ என்று சேர்க்கும் பிள்ளையைப் பார்க்காத தமிழ் வீடு கிடையாது. நம் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் மற்றவை வந்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுத வேண்டும். ‘கிட்’ (kit) என்ற மூன்று ஆங்கில எழுத்துச் சொல்லின் கடைசியில் வாய்திறந்து சொல்லாத ஓர் ‘ஈ’ எழுத்தைச் சேர்த்தால் அது ‘கைட்’ ஆகிவிடுகிறது. இந்த விதிகளை வரிசையாகக் கற்றுத்தராவிட்டால் பிள்ளை திண்டாடும்.

இதைக் கற்றுத்தருவது வறட்டு வேலை, நல்ல புத்தகங்களைக் கையில் கொடுத்தால் பிள்ளை தானே வாசித்துக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. நன்றாக வாசிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை, ஊகித்துக்கொண்டே போகிறார் என்று கல்வி ஆய்வாளர் கென்னத் குட்மன் 1967-இல் முன்வைத்த கருத்து அதன் வேர்களில் ஒன்று. அதன்படி, தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், இங்கே எது பொருந்தும் என்று யோசி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குதிரைப் படத்துக்குக் கீழே ‘ஹார்ஸ்’ என்று இருப்பதைப் பிள்ளை ‘போனி’ என்று வாசித்தால், பொருள் கெடவில்லை என்று விட்டுவிடலாம். ‘குதிரை’ என்று அச்சிட்டிருப்பதை ‘பரி’ என்று வாசித்த பிள்ளைக்கு முதுகில் தட்டிக்கொடுப்பது போன்றது இது. முதல் வகுப்பில் இந்த ஊகம் பலிக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் படம் இருக்கிறது. நான்காம் வகுப்பு அறிவியல் பாடத்தில் படமும் இல்லை, சொல்லும் புதிது. அங்கேதான் பிள்ளை விழுகிறது. வசதியான வீட்டில் தனிப்பயிற்சி வைத்துத் தூக்கிவிடுவார்கள். மற்ற வீடுகளில் ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்ற பெயர் நிலைத்துவிடும்.

நாடாளுமன்றம் கேட்டு அமைந்த தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டே தன் அறிக்கையைத் தந்துவிட்டது. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவது, எழுத்தை ஒலியோடு சேர்ப்பது, தட்டுத்தடங்கலின்றி வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிதல் என ஐந்தும் வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பலவும் பழைய முறையையே கற்பித்து வந்தன.

மிசிசிப்பி 2013-இல் வாசிப்புக்கெனச் சட்டம் போட்டபோது நான்காம் வகுப்பு வாசிப்பில் அதன் இடம் 49. சராசரி மதிப்பெண் 209. 2024-இல் 219, இடம் 9. இடைப்பட்ட காலத்தில் மற்ற மாநிலங்கள் சரிந்ததும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்துப் புள்ளி ஏற்றம் அதன் சொந்த உழைப்பு.

அந்த உழைப்பு எதில் போனது? முதலில் ஆசிரியர்களுக்கு. வாசிப்பு எப்படி நிகழ்கிறது, ஒலியிலிருந்து எழுத்துக்குப் பிள்ளையை எப்படி அழைத்துப்போவது என்பதில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பரவிய பயிற்சி. மொத்தம் 160 மணி நேரம் அளவுக்கு. ஒருநாள் கூட்டம் போட்டு மதியச் சாப்பாட்டோடு முடித்து அனுப்பவில்லை. அடுத்து, மாநிலமே தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்த வாசிப்புப் பயிற்றுநர்களை மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இவர்கள் சோதனைக்கு வரும் அதிகாரிகள் அல்லர். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, தேவைப்பட்டால் தாமே பாடம் நடத்திக் காட்டி, ஆசிரியரோடு சேர்ந்து அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிடுவார்கள். மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு மூன்று முறை சிறு சோதனை உண்டு. பின்தங்குவது தெரிந்தவுடன் பெற்றோருக்கு எழுத்தில் தகவல் போகும். அந்தப் பிள்ளைக்கெனத் தனி வாசிப்புத் திட்டமும் எழுதப்படும். புதிதாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வருபவர் வாசிப்புக் கற்பித்தலில் தனித்தேர்வு ஒன்றில் தேற வேண்டும்.

கடைசியில்தான் எல்லோரும் பேசும் மூன்றாம் வகுப்புத் தடுப்பு. தேர்வில் தேறாத பிள்ளைக்கு மேலும் இரண்டு வாய்ப்புகள் தருகிறார்கள். அப்போதும் முடியாவிட்டால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் சிலருக்கும் விலக்கு உண்டு. நிறுத்தப்பட்ட பிள்ளைக்குத் தினமும் 90 நிமிடம் வாசிப்புப் பாடம். பலவீனமான பிள்ளைகளை நிறுத்திவைத்ததால்தான் நான்காம் வகுப்பு மதிப்பெண் ஏறியது என்று விமர்சிக்கிறார்கள். ஓரளவு பங்கு இருக்கலாம். நிறுத்தப்பட்ட பிள்ளை காணாமல் போய்விடுவதில்லை. ஓராண்டு கழித்து அதே நான்காம் வகுப்புக்குத்தான் வருகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பயிற்சி, பயிற்றுநர், முன்கூட்டிய சோதனை மூன்றும் இல்லாமல் நிறுத்திவைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. தமிழ்நாட்டில் இப்போது எழுந்திருக்கும் ‘ஆல் பாஸ்’ விவாதத்தில் மிசிசிப்பியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் நாற்பதுக்கும் குறையாத மாநிலங்கள் இதுபோன்ற சட்டங்களை இயற்றின. அலபாமாவும் லூசியானாவும் பயிற்றுநர்களையும் சேர்த்து வைத்தன. அங்கும் பலன் தெரிகிறது. வேறு பல இடங்களில் புத்தகத்தை மாற்றிவிட்டு, ‘படத்தைப் பார், ஊகி’ என்ற அட்டையைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். சோதனை வைத்தார்கள், முடிவை வைத்துக்கொண்டு யார் எந்த நேரத்தில் உதவுவது என்று கால அட்டவணையில் இடம் ஒதுக்கவில்லை. பயிற்றுநரை நியமித்துவிட்டு, வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பில் நிற்கவும், உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளவும் அனுப்பினார்கள். சட்டத்தின் வாசகம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருப்பது இதனால்தான்.

மிசிசிப்பிக்கும் மேலே ஏற வேண்டிய படி ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இந்த ஏற்றம் தெரியவில்லை. எழுத்துக்கூட்டுவது கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் புரிந்துகொள்ளச் சொல்லறிவும் உலகறிவும் வேண்டும். நதி எப்படி உருவாகிறது என்று ஒருபோதும் கேட்டறியாத பிள்ளை, ‘கழிமுகம்’ பற்றிய பத்தியைப் பிழையின்றி வாசித்தும் பொருள் புரியாமல் நிற்கும். தேர்வுக்காகச் சுருக்கிய வரலாறும் அறிவியலும் முதல் வகுப்பிலிருந்தே திரும்பி வர வேண்டும். ஆசிரியர் சத்தமாக வாசித்துக் காட்டிப் பேசவைக்க வேண்டும். பயிற்றுநர் உதவி மூன்றாம் வகுப்போடு நிற்காமல் எட்டுவரை போக வேண்டும்.

பெற்றோருக்குப் பணத்தைக் கொடுத்து விருப்பமான தனியார் பள்ளிக்கு அனுப்பச் சொல்லும் திட்டம் 1990-இல் மில்வாக்கியில் தொடங்கி, 2022-இல் அரிசோனாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. அரிசோனாவில் விரிவாக்கத்தின் தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அரசுப் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள். லூசியானாவில் இப்படித் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் முதல் ஆண்டுகளில் இறங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தனியார் பள்ளியே இல்லாத கிராமப்புறத்துக்கு இதனால் ஒன்றும் கிடைக்காது. இதை முதன்மைச் சீர்திருத்தமாக எங்களால் ஏற்க முடியவில்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த இன்னொரு சிக்கல், பள்ளிக்கு வராத பிள்ளைகள். ஆண்டுக்குச் சுமார் 180 வேலை நாட்கள்; அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மாதத்துக்கு இரண்டு நாள் வராவிட்டாலே நீடித்த வருகையின்மை என்று கணக்கு. 2018-19-இல் 15 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 28 சதவீதமானது. மத்திய அரசு மூன்று தவணையாக ஏறத்தாழ 19,000 கோடி டாலர் கொடுத்தது. வராத பிள்ளைக்கு அந்தப் பணத்தில் வைத்த தனிப்பயிற்சி எப்படிப் போய்ச் சேரும்? மாதத்தில் இரண்டாவது நாள் வராதபோதே வகுப்பாசிரியர் வீட்டுக்குப் பேசிவிட வேண்டும். ஆண்டு முடிவில் கடிதம் அனுப்பிப் பயனில்லை.

வாஷிங்டனுக்கு வேலையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு 1965 முதல் வரும் நிதி ஆண்டுக்கு 1,800 கோடி டாலர் அளவில் இருக்கிறது. எட்ஜ்வுட் கணக்கில் மத்திய உதவி 108 டாலர், அலமோ ஹைட்ஸில் 36 டாலர் என்பதைப் பார்த்தாலே அதன் அருமை புரியும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான 1975 சட்டத்தில் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும், நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று வாக்களித்தார்கள். சாதாரண ஆண்டுகளில் அதில் பாதிகூட வந்ததில்லை. 15 சதவீதத்துக்கும் கீழேதான் நிற்கிறது. விடுபட்டதை மாவட்டங்கள் மற்ற வகுப்புகளின் பணத்திலிருந்து எடுக்கின்றன. அந்த வாக்குறுதியை நிறைவேற்றினாலே ஏழை மாவட்டங்கள் மூச்சுவிடும்.

வாஷிங்டனின் மூன்றாவது வேலை அளந்து பார்ப்பது. இந்தக் கடிதத்தில் மாநிலங்களை ஒப்பிட முடிந்ததே தேசிய மதிப்பீடு எல்லா மாநிலங்களையும் ஒரே கோலால் அளப்பதால்தான். அதை நடத்தும் கல்விப் புள்ளியியல் மையத்தில் சுமார் 100 பேர் இருந்தார்கள். 2025 மார்ச் ஆட்குறைப்பில் விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சினார்கள். துறையின் மற்ற பகுதிகள் எப்படிப் போனாலும் இந்த மையத்துக்கு ஆட்களைத் திருப்பித் தர வேண்டும்.

அந்த முடிவுகளை அச்சிடும்போது தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2024-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 31 சதவீதத்தினர்தான் ‘புரொஃபிஷியண்ட்’ நிலையை எட்டினார்கள். இதை ‘அமெரிக்காவில் 69 சதவீதப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது’ என்று எழுதுவது தவறு. அந்தச் சொல் அங்கே வகுப்புக்குரிய சராசரியைவிட உயர்ந்த தேர்ச்சியைக் குறிக்கிறது. கவலைக்குரிய எண் வேறு: அடிப்படை நிலையையே எட்டாதவர்கள் நான்காம் வகுப்பில் 40 சதவீதம், எட்டாம் வகுப்பில் 33 சதவீதம். சர்வதேச அளவிலான 2022 பிசா தேர்வில் வாசிப்பில் அமெரிக்கா 504 புள்ளி எடுத்தது. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் உறுப்பு நாடுகளின் சராசரி 476. கணக்கில் 465, சராசரி 472. அடுத்த முடிவுகள் வரும்போது, இந்த நாட்டுச் சராசரிகளுக்குப் பக்கத்தில் மாநிலவாரிப் பட்டியலையும் அடிப்படை நிலைக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணையும் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளிக்கல்வியில் அக்கறை கொண்ட தங்கள் வாசகர்கள்